அம்மாவின் ழகரம்

மூன்றாம் வகுப்பில் வாய்பாடு ஒப்பிக்கையில், "ஏழும் மூன்றும் ஒரே பச்சை, அதனால் குழம்புகிறது" என்றேன். தலையில் குட்டு விழுந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "இதையெல்லாம் வெளிய சொல்லாதே" என்றார். அதன்பின் இருபது ஆண்டுகள் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஹைதராபாத்துக்கு ஆய்வு மாணவியாக வந்த பிறகு, ஒரு கருத்தரங்குக்காக ராமச்சந்திரனும் ஹப்பார்டும் 2001இல் எழுதிய கட்டுரையைப் படிக்க நேர்ந்தது. சினஸ்தீசியா, அதாவது புலன் இணைவு, கற்பனையோ உவமையோ அன்று, மெய்யான புலனனுபவம் என்பதே அவர்கள் வாதம். மூளையின் பியூசிஃபார்ம் மடிப்பில் எழுத்துருவை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் அண்டை வீடுகள். இரண்டுக்கும் இடையே மிகையான இணைப்பு இருந்தால் எழுத்தைக் கண்டதும் நிறமும் விழித்துக்கொள்ளும். இணைப்பு எல்லோருக்கும் உண்டு, அதை அடக்கிவைக்கும் தடைதான் சிலரிடம் தளர்ந்திருக்கிறது என்பது மற்றொரு தரப்பு. வழக்கு இன்னும் முடியவில்லை.

'இன்குரல்' என்று நாமும் சொல்கிறோமே, அதுவும் இதுதானா என்று இலக்கியத்துறை நண்பர்கள் கேட்பதுண்டு. இல்லை. இன்குரல் என்னும்போது நாக்கு இனிப்பதில்லை. எனக்கோ, அச்சில் கறுப்பாகவே தெரியும் ககரத்தோடு ஒரு மரப்பழுப்பு கூடவே வருகிறது. வேண்டாம் என்றாலும் போவதில்லை.

என்னை வியக்க வைத்தது தெலுங்கு. இங்கு வந்த புதிதில் பேருந்துப் பலகைகளின் எழுத்துகள் எல்லாம் சாம்பல் நிறமாய் இருந்தன. படிக்கப் பழகிய சில மாதங்களில் தெலுங்குக் ககரம் பழுப்பாயிற்று. வடிவில் அது நம் ககரத்தைப் போன்றதன்று; நிறம் ஒலியின் வழியேதான் வந்திருக்க வேண்டும். ஆனால் தெலுங்கில் அவ்வரிசையில் நான்கு எழுத்துகள். மூன்றாவது, 'தங்கம்' என்பதில் நாம் ஒலிக்கும் ககரம், வெளிறிய பழுப்பைப் பெற்றது. மூச்சை அழுத்திச் சொல்லும் மற்ற இரண்டும் இன்றளவும் சாம்பல்தான். தமிழ்க்காது அறியாத ஒலிக்கு என் மூளையிடம் நிறமில்லை போலும். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பழைய ஸ்லாவிய கிளகோலிதிய எழுத்துகளைப் பத்து நிமிடம் எழுதிப் பழகியதுமே சிலருக்கு அவை நிறம் பெற்றன. எனக்கு மாதங்கள் ஆயின. மந்தபுத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வியல்பு குடும்பங்களில் தொடர்வதை கால்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறித்திருக்கிறார். அதைப் படித்த இரவுதான் அம்மாவின் அந்த மௌனம் நினைவுக்கு வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன். "அகரம் என்ன நிறம்மா?" அடுப்பிலிருந்து திரும்பாமலே, "வெள்ளை" என்றார். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் குறித்துக்கொண்டேன். தன்னைப் பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சித் தன் தாயிடமும் சொன்னதில்லையாம். 1987 முதல் இத்துறை கையாளும் சோதனை எளிது: நாள் கழித்து, முன்னறிவிப்பின்றி மறுபடி கேட்பது. சித்திரையில் தொலைபேசியில் கேட்டேன். முப்பதில் இருபத்தெட்டு மாறவில்லை.

ஒரே வீட்டிலும் நிறங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. எனக்கு ழகரம் மஞ்சள் என்றேன்.

"மஞ்சளா? யார் சொன்னது? நல்லாப் பாருடி, அது கத்தரிப்பூ நிறம்."