உயிர்வளியும் வெடியமும்: ஒரு பட்டறைக் கருவியைப் பற்றி

வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்குச் செல்லும் சாலையை ஒட்டிய பட்டறைகளில் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுப்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. மொழியியல் படித்தவளுக்கு இயந்திரம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்றுதான் பலரும் எண்ணுவர். ஆனால் ஒரு சொல்லின் பொருளை அறிய அது சுட்டும் பொருளைக் கையால் தொட்டுப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. அவ்வாறு நான் தொட்டுப் பார்த்த கருவி ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

அதை உருவாக்கியவர் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஹைட்ராலிக் வேலை செய்யும் ஒரு மேஸ்திரி. பாறை உடைக்கும் பிரேக்கர்களிலும் சரக்கு தூக்கும் எந்திரங்களிலும் அக்குமுலேட்டர் என்னும் எஃகுக் கலம் உண்டு. அதன் உள்ளே ஒரு ரப்பர்ச் சவ்வு. சவ்வின் ஒருபுறம் எண்ணெய், மறுபுறம் அழுத்தி அடைக்கப்பட்ட நைட்ரஜன். எண்ணெய் அழுத்தத்திற்கு எளிதில் சுருங்காது. நைட்ரஜன் சுருங்கும், மீண்டும் விரியும். ஆகவே அதிர்ச்சியைத் தாங்கும் சுருள்வில்லின் வேலையை இங்கே வளிமம் செய்கிறது.

இந்த அமைப்பைக் காருக்குள் கொண்டுவந்து புகழ்பெற்றது பிரான்சின் சித்ரோவன் நிறுவனம். போல் மாஜேஸ் என்பவர் உருவாக்கிய இம்முறை 1954இல் ஒரு வண்டியின் பின்சக்கரங்களிலும், 1955இல் வெளிவந்த டி.எஸ். காரின் நான்கு சக்கரங்களிலும் இடம்பெற்றது. ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஓர் எஃகுக் குண்டு. நம் ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியின் தொங்கல் அமைப்பும் எண்ணெயையும் வளிமத்தையும் இணைத்தே இயங்குகிறது.

இந்தக் குண்டுகளின் நோய் விசித்திரமானது. நைட்ரஜன் ரப்பரினூடே ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிகிறது. ஆனால் சித்ரோவன் காரின் உயரத்தைச் சமன்செய்யும் வால்வு, குறைந்த வளிமத்தின் இடத்தை எண்ணெயால் நிரப்பிவிடுகிறது. வண்டி எப்போதும் போலவே நிமிர்ந்து நிற்கும். பயணம் மட்டும் கட்டை வண்டிபோல் இறுகிவிடும். கண்ணுக்குத் தெரியாத குறை என்பதால் பலர் குண்டைப் பழுதென்று எறிந்துவிட்டுப் புதியது வாங்குகின்றனர். தொடக்ககாலக் குண்டுகள் இரு பாதிகளாகத் திருகி இணைக்கப்பட்டவை. பிரித்துச் சவ்வை மாற்றலாம். பிற்காலத்தவை பிரிக்க முடியாதவாறு மூடப்பட்டவை. மேலைநாட்டுக் கார் ஆர்வலர்கள் வீட்டுக் கொட்டகையில் சோதனைக் கருவி செய்யத் தொடங்கியதன் தேவை இதுவே. அந்த வீட்டுக்கருவியும் நம் மேஸ்திரியின் கருவியும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஏறத்தாழ ஒரே வடிவில் அமைந்துள்ளன.

பழைய பாட்டில் ஜாக்கியின் கைப்பம்ப், ஒரு பிரஷர் கேஜ், ஒரு வடிகால் வால்வு, கலத்தின் மரைக்கு ஏற்ப லேத்தில் கடைந்த அடாப்டர்: இவ்வளவே சோதனைப் பகுதி. பம்பை அடிக்கத் தொடங்கியதும் முள் சட்டென ஏறும். உள்ளே இருக்கும் நைட்ரஜனின் அழுத்தத்தை எட்டியதும் சவ்வு நகரத் தொடங்கும். முள்ளின் வேகம் திடீரெனத் தளரும். அந்தத் தளரும் புள்ளிதான் விடை. குண்டின் மேல் 50 பார் என்று பொறித்திருக்க, முள் 20இல் தளர்ந்தால் மீதி கசிந்துவிட்டது என்று பொருள். முள் நெடுநேரம் அடியிலேயே கிடந்தால் நைட்ரஜன் முற்றும் போய்விட்டது, அல்லது சவ்வு கிழிந்துவிட்டது. 20 பாகை வெப்பத்தில் 50 பார் உள்ள கலம் கொச்சியின் 35 பாகை வெயிலில் ஏறத்தாழ 52.5 காட்டும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். காரின் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல்தான் என்பதை ஒப்பிட்டால் இதன் வலிமை விளங்கும்.

நிரப்பும் பகுதி இன்னும் நுட்பமானது. கலத்தின் உச்சியில் ஒரு சிறு அடைப்புத் திருகு உண்டு. அதைச் சுற்றிக் காற்றுப்புகாமல் அமரும் ஒரு கிண்ணம். கிண்ணத்தைத் துளைத்து உள்ளே இறங்கும் ஆலன் கீ. ரெகுலேட்டர் வழியாகக் கிண்ணத்தில் நைட்ரஜனை விட்டு, திருகைத் தளர்த்தினால் வளிமம் கலத்துள் புகும். வேண்டிய அளவு வந்ததும் திருகை இறுக்கி, கிண்ணத்தின் அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே கருவியைக் கழற்றவேண்டும். புதிதாகக் கடைந்த எந்த அடாப்டரையும் மேஸ்திரி முதலில் எண்ணெயால் அழுத்திச் சோதிக்கிறார். எண்ணெய் நிறைந்த உறுப்பு உடைந்தால் பெரும்பாலும் ஒழுகும். வளிமம் நிறைந்தது உடைந்தால் தெறிக்கும்.

நான் குறிப்பேட்டில் “காத்து ஏத்துதல்” என்று எழுதியதைப் பார்த்து அவர் நிறுத்தினார்.

“இதைக் காத்துன்னு எழுதாதீங்க அம்மிணி. காத்துன்னு சொன்னா நாளைக்கு எவனாவது பையன் கம்ப்ரஸர்ல இருந்து புடிச்சு ஏத்திருவான். இல்லாட்டி வெல்டிங் சிலிண்டரை எடுத்துட்டு வந்துருவான்.”

“வெல்டிங் சிலிண்டர்னா ஆக்சிஜனுங்களாண்ணா?”

“ஆமாங்க. எண்ணெய் இருக்கற எடத்துல அது போனா, அவனும் இருக்க மாட்டான், நானும் இருக்க மாட்டேன்.”

அவர் சொன்னது வேதியியல் உண்மை. உயர் அழுத்த ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பொறி இல்லாமலே வெடிக்கக்கூடும். நம் நாட்டு நியமப்படி ஆலை ஆக்சிஜன் உருளை கறுப்பு. நைட்ரஜன் உருளை சாம்பல் நிறம், கழுத்து மட்டும் கறுப்பு. பெயின்ட் உரிந்து அழுக்கேறிய பட்டறையில் இந்த வேறுபாடு எவ்வளவு நேரம் நிலைக்கும்? எஞ்சியிருப்பது சொல் ஒன்றுதான். அவருடைய பட்டறையில் இந்த வேலைக்குக் “காத்து” என்றோ “கேஸ்” என்றோ சொல்லக்கூடாது. நைட்ரஜன் என்று முழுப்பெயரையும் சொன்னால்தான் பையன்கள் உருளையைத் தொடலாம்.

இங்கேதான் என் துறைக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஆக்சிஜனுக்கு உயிர்வளி என்றும், வெடியுப்பின் தொடர்பால் நைட்ரஜனுக்கு வெடியம் என்றும் நாம் ஆக்கச்சொற்கள் வழங்குகிறோம். இலங்கைப் பாடநூல்களில் அவை ஒட்சிசன், நைதரசன். நம் ஆக்கங்களின் தருக்கத்தில் பிழையில்லை. ஆயினும் அந்தப் பட்டறையில் ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் இரண்டு உருளைகளைக் காட்டி, ஒன்று உயிர்வளி, மற்றது வெடியம் என்று மட்டும் சொன்னால் எதை அவன் அஞ்சுவான்? எண்ணெய்க் கலத்தில் ஏற்றினால் வெடிப்பது உயிர்வளி, காப்பது வெடியம். மலையாளத்திலும் காற்று என்ற சொல்லே இருப்பதால் மொழி மாறினாலும் இடர் மாறுவதில்லை.

கலைச்சொல் என்றால் தூய்மை, இனிமை, வேர்ச்சொல் பொருத்தம் என்றே நாம் வாதிடுகிறோம். அந்தச் சொல்லைக் கேட்டவனின் கை எந்த உருளையை நோக்கி நீளும் என்ற அளவுகோலை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. என் ஆய்வேட்டின் சொற்பட்டியலில் இனி ஒவ்வொரு தொழிற்சொல்லுக்கும் நேரே ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும்: இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன நேரும்? நைட்ரஜன் என்ற பதிவுக்கு நேரே மேஸ்திரியின் சொற்களை அவ்வாறே எழுதி வைத்திருக்கிறேன்.