ஈல்டன் குன்றுகளில் ஒரு பகல்

ஸ்காட்லாந்து என்றவுடன் வானளாவிய மலைகளையே நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் 282 உண்டு. அவற்றை ‘மன்றோ’ என்று அழைத்து, ஒவ்வொன்றாக ஏறி முடிப்பதையே வாழ்நாள் நோன்பாகக் கொண்டோரும் உளர். நான் எழுத வந்தது அவற்றைப் பற்றியன்று. தெற்கே, ட்வீட் ஆற்றங்கரையில், மெல்ரோஸ் என்னும் சிற்றூருக்கு மேலே தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் மூன்று குன்றுகளைப் பற்றியே. ஈல்டன் என்பது அவற்றின் பெயர். நடுக்குன்று 422 மீட்டர், வடகுன்று 404, மேற்குன்று 371. கோடையில் சிறுவரும் ஓடி ஏறிவிடுவர். குளிர்காலத்திலோ உயரத்தைவிடப் பகற்பொழுதே பெரிய கணக்கு. ஜனவரியில் கதிரவன் எட்டரை மணிக்குமேல் எழுந்து, பனைமர உயரத்திலேயே தயங்கி நகர்ந்து, நான்கு மணியளவில் மறைந்துவிடுகிறான்.

2023 ஜனவரியில், எடின்பரோவில் செவிலியராகப் பணிபுரியும் என் மகளிடம் சென்றிருந்தேன். அவளுடைய ஓய்வு நாளொன்றில், “அப்பா, நான் வழக்கமாகப் போகும் இடத்திற்கு வருகிறீர்களா?” என்றாள். மலையே காணாத காவிரிக் கழிமுகத்தில் பிறந்து, அறுபத்தெட்டு வயதையும் முழங்கால் வலியையும் ஒருங்கே சுமப்பவன் நான். ஆயினும் மறுக்க மனம் வரவில்லை.

எங்களிருவர்க்கும் இடையே பேசப்படாத ஒன்று இருந்தது. 2020 மே மாதத்தில் என் துணைவி இறைவனடி சேர்ந்தபோது, நாடு விட்டு நாடு செல்லும் வானூர்திகள் நின்றிருந்தன. அடக்கத்துக்கு இருபது பேருக்கே அனுமதி. ஒரே மகள் அதைக் கைப்பேசித் திரையில் கண்டாள். பின்னர் ஊருக்கு வந்தபோது தாயின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினாள். ஆனால் இறுதி நாளைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

1969இல் மூடப்பட்ட இருப்புப்பாதையின் ஒரு பகுதியை 2015இல் மீண்டும் திறந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்திற்குள் ட்வீட்பாங்க் என்னும் கடைசி நிலையத்தில் இறங்கி, மெல்ரோசுக்கு நடந்தோம். சிஸ்டர்சியன் துறவியர் 1136இல் நிறுவிய மடத்துக் கோவில் அங்கே கூரையிழந்து நிற்கிறது. 1329இல் இறந்த மன்னர் இராபர்ட் புரூசின் உடல் டன்ஃபெர்ம்லினில் துயில, இதயம் மட்டும் இங்கே புதைக்கப்பட்டதாகக் கூறுகின்றனர். வெளியே நின்றே பார்த்துவிட்டு மேலே சென்றோம்.

வீடுகளுக்கிடையே ஒரு சந்து. பின்னர் மரப்படிகள், மரப்படிகள், மேலும் மரப்படிகள். அவை முடிந்ததும் ஆடு மேயும் புல்வெளிகள். பிறர் நிலத்தில் இப்படி நடக்கலாமா என்று எனக்கோர் அச்சம். 2003ஆம் ஆண்டுச் சட்டமே அந்த உரிமையை எல்லார்க்கும் அளித்திருக்கிறது என்றாள் மகள். பயிரையும் கால்நடையையும் கெடுக்கக் கூடாது, திறந்த படலை மூடிச் செல்ல வேண்டும், அவ்வளவே. வேலிச் சண்டையில் மூன்று தலைமுறை கழிப்போரை அறிந்த எனக்கு இது பெருவியப்பாயிருந்தது. பாதைக் குழிகளில் உறைந்திருந்த நீர் காலடியில் அப்பளம்போல் நொறுங்கிற்று. கோர்ஸ் என்னும் முட்புதரில் அந்தக் குளிரிலும் நாலைந்து மஞ்சள் பூக்கள். அதற்கு மேலே செடியெல்லாம் கருகியதுபோல் பழுப்பு நிறம், கல்லெல்லாம் இளஞ்சிவப்பு.

இரு குன்றுகளுக்கிடைப்பட்ட கணவாயை அடைந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. மகள் என் கையைப் பற்றிக்கொண்டாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று வடகுன்றின் உச்சியை அடைந்தோம். ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்குமுன் இங்கே கோட்டையூர் ஒன்று இருந்தது. முந்நூறு குடிசைகளுக்குச் சமன் செய்த தளங்கள் இன்றும் புல்லின்கீழ் தெரிகின்றன. பின்னர் வந்த உரோமையர் அடிவாரத்தில் பாசறை அமைத்து, ‘மூன்று குன்றுகளின் இடம்’ என்னும் பொருள்பட டிரைமோன்டியம் என்றழைத்தனர்.

மகள் வடக்கே சுட்டிக் காட்டினாள். “அதோ, லீடர் ஆறு வந்து ட்வீட்டில் கலக்கிறது, பாருங்கள். அந்தப் பக்கத்துக் குன்றில்தான் புனித கத்பெர்ட் இளமையில் ஆடு மேய்த்தார்.” அவரது வரலாற்றை நானும் படித்ததுண்டு. 651ஆம் ஆண்டு, ஆகஸ்ட் இறுதியில் ஓரிரவு, வானதூதர் ஓர் ஆன்மாவை ஒளியினூடே விண்ணகம் கொண்டு செல்வதை அவ்விளைஞர் கண்டாராம். தொலைவில் ஆயர் எய்டன் அவ்வேளையில் உயிர்நீத்தார் என்பதைப் பின்னரே அறிந்தார். மந்தையை விட்டு, இக்குன்றுகளுக்குக் கிழக்கே ஆறு வளைந்தோடும் இடத்திலிருந்த பழைய மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்தார்.

“அவர் அருகில் இல்லை, அப்பா. ஆயினும் கண்டார்” என்றாள். சிறிது பொறுத்து, “எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றிரவு பணியில் இருந்தேன். ஒரு முதியவருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அலமாரிக்குள் இருந்தது. ஜூலையில் பயணத் தடை நீங்கியதும், கிடைத்த முதல் ஓய்வு நாளில் இங்கே வந்தேன். இந்தக் காற்றில் எவ்வளவு உரக்க அழுதாலும் யாருக்கும் கேட்காது” என்றாள்.

நான் என்ன சொல்வேன்? குடுவையைத் திறந்து தேநீரை ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். பாதி காற்றில் சிதறிற்று. மீதியை இருவரும் மாறி மாறிக் குடித்தோம்.

கணவாய்க்கு இறங்கியபோது மணி ஒன்றரை கடந்திருந்தது. எதிரே நடுக்குன்று. அதன் உச்சியில்தான் அவள் வழக்கமாக அமர்வாளாம். “போவோம், அம்மா” என்றேன். அவள் சூரியனைப் பார்த்தாள், என் முழங்காலைப் பார்த்தாள். “வேண்டாம் அப்பா, இறங்குவதற்குத்தான் வெளிச்சம் மிகுதியாக வேண்டும்” என்று முன்னே நடந்தாள். அவள் சொன்னது முற்றிலும் சரி. மரப்படிகளில் இறங்குகையில் என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் வரி கேட்டது. மூன்றரை மணிக்கே பள்ளத்தாக்கு நீலம் பாரித்து, ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கின. குன்றுகளின் தலையில் மட்டும் சிறிது வெயில் நின்றது.

தொடர்வண்டியில் எங்கள் பெட்டியில் ஐந்தாறு பேரே இருந்தனர். வண்டி புறப்பட்டதும் அவள் தலைக்குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, சன்னலைப் பார்த்தவாறே கேட்டாள்: “அப்பா, அன்று காலையிலிருந்து சொல்லுங்கள். அம்மா எப்போது எழுந்தார்கள்?”

ஐந்து மணிக்கு, வழக்கம்போல், என்று தொடங்கினேன். எடின்பரோ வரும்வரை சொன்னேன்.