ஓட்டல் அடுப்பு வீட்டுக்கு வந்த கதை

எங்கள் வீட்டில் வேளைக்கு எட்டு இலை விழும். மாமா, அத்தை, நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், கொழுந்தனார். ஞாயிற்றுக்கிழமை தோசை வார்க்க நின்றால் ஒன்றரை மணி நேரம் நகர முடியாது. கடைசியில் நான் உட்காரும்போது ஆறிப் போன சட்னிதான் மிச்சம். ஒரு நாள் அலுப்பில், "ஓட்டல் மாதிரி ஒரே சமயத்துல நாலு தோசை ஊத்தற கல் இருந்தா நானும் சூடா சாப்பிடுவேன்" என்று சொல்லி வைத்தேன். அது இவர் காதில் விழுந்துவிட்டது!

2022 புரட்டாசியில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு சின்ன ஓட்டலை மூடினார்கள். இவர் ஒரு குட்டி யானை வண்டியில் சாமான்களோடு வந்து இறங்கினார். இரண்டு பர்னர் ஓட்டல் அடுப்பு, விரல் பருமனுக்கு ஒரு தோசைக்கல், பத்து லிட்டர் கிரைண்டர், ஒரு நீள ஸ்டீல் மேஜை. அடுப்பு நிலையில் நுழையாமல் கதவையே கழற்ற வேண்டியதாயிற்று. "இனிமே நீ அடுப்படியில நிக்க வேண்டாம்" என்று இவர் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

தொல்லை மறுநாளே ஆரம்பித்தது. கிரைண்டரில் வழக்கம்போல் கால் படி உளுந்து போட்டால், கல்லில் அகப்படாமல் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டது. பத்து லிட்டர் பாத்திரத்துக்குக் கால் படி எந்த மூலைக்கு? அடுப்போ நம் ரெகுலேட்டரில் சோம்பலாக எரிந்தது. கேஸ் ஏஜென்சி மெக்கானிக் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஐ பிரஷர் அடுப்பு. வீட்டு கனெக்‌ஷன்ல போடக் கூடாதுங்க. ஓட்டல்காரங்களுக்கு 19 கிலோ சிலிண்டர் தனி, அதுக்கு ரெகுலேட்டர் தனி, குழாய் தனி" என்று சொல்லிப் போய்விட்டார். நாங்கள் கேட்டோமா? வேறு யாரையோ கூப்பிட்டு, திருகினால் தீ கூடும் ரெகுலேட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டோம். நானும் தடுக்கவில்லை. ஆசைதான், வேறென்ன?

நாலு தோசை ஒரே நேரத்தில் மொறுமொறுவென்று வந்தது உண்மை. ஆனால் அந்தக் கல் சூடேறவே இருபது நிமிஷம் பிடித்தது. ஓட்டலில் ஒரு தடவை சூடேற்றினால் மதியம் வரை ஊற்றுவார்கள். நமக்கு இருபது தோசையோடு வேலை முடிந்துவிடும், சூடெல்லாம் வீண். இருபத்தைந்து நாள் வரும் 14.2 கிலோ சிலிண்டர் பன்னிரண்டாம் நாளே காலி. பக்கத்து அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று சூட்டில் நெளிந்து போயிற்று.

ஐப்பசி அடைமழை. சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் மணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலை வலித்தது. மழைக்காலம்தானே என்று நினைத்தேன். "என்னமோ கிறுகிறுன்னு வருது கண்ணு" என்றவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, இவரும் கொழுந்தனாருமாக அவரைத் திண்ணைக்குத் தூக்கி வந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலம்தான் தெளிந்தார்.

"என்ன அடுப்பு எரிச்சீங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். விவரமாகச் சொன்னார். மூடிய அறையில் பெரிய தீ எரிந்தால், காற்றுப் போதாமல் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகுமாம். அகலமான கல் தீயை மூடிக்கொண்டால் இன்னும் மோசம். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும், அதற்கென்றே வாசனைப் பொருள் சேர்த்திருக்கிறார்கள். இந்த விஷத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல்தான் அறிகுறி. ஓட்டலில் அடுப்புக்கு மேல் புகைக்கூண்டு, வெளியே தள்ளும் விசிறி எல்லாம் இருக்கும். நாங்கள் அடுப்பை மட்டும் வாங்கி வந்தோம், அதையெல்லாம் யோசிக்கவில்லை.

அன்று ராத்திரி இவர் திண்ணையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். "உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் வாங்கினேன்." எனக்கு மனசு பிசைந்தது. "தெரியுங்க. ஆனா எனக்கு வேணும்கிற ஒத்தாசை பெரிய அடுப்பு இல்லீங்க. கூட ரெண்டு கை" என்றேன். இருபது வருஷமாகச் சொல்லாததை அன்று சொன்னேன்.

அடுப்பு, கல், கிரைண்டர் மூன்றையும் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர் ஒருவர் எடுத்துக்கொண்டார். திறந்தவெளியில் நூறு பேருக்குச் சமைப்பவருக்கு அதுதான் சரி. மேஜையை மட்டும் நான் விடவில்லை. அதற்குக் கேஸும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். குனியாமல் காய் நறுக்கலாம், சப்பாத்தி தேய்க்கலாம், ஈரத் துணியால் துடைத்தால் பளிச்.

சகோதரிகளே, ஓட்டல் சாமான் மலிவாகக் கிடைக்கிறதென்றால் முதலில் யோசியுங்கள். நம் வீட்டு கேஸ் இணைப்புக்கு ஆகுமா? நம் ஒயரிங் தாங்குமா? புகையும் சூடும் வெளியே போக வழி உண்டா? நாம் சமைக்கும் அளவுக்குப் பொருந்துமா? எந்த அடுப்பானாலும் எரியும்போது ஜன்னலைச் சாத்தாதீர்கள். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய அடுப்பில் இரண்டு சின்னக் கல். ஒன்றில் இவர் வார்க்கிறார், இன்னொன்றில் பெரியவள். இவர் வார்க்கும் தோசை எந்த நாட்டு வரைபடமோ தெரியாது! ஆனால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நானும் சூடாகச் சாப்பிடுகிறேன்.