ஒரு காலும் ஒரு கையும்

என் பங்கில் சகோதரர் இருவர் உள்ளனர். ஞாயிறுதோறும் முதல் திருப்பலிக்கு ஒன்றாகவே வருவர். மூத்தவர் இராணுவத்தில் நாயக் பதவியில் இருந்தவர். அவருக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இளையவர் கல் உடைக்கும் கிரஷரில் கூலி வேலை செய்தவர். அவருக்கு வலக்கை மணிக்கட்டோடு போயிற்று. கோவில் படிகளில் அண்ணன் தம்பியின் தோளைப் பற்றி ஏறுவார். மேலே சென்றதும் தம்பியின் சட்டைப் பொத்தானை அண்ணன் மாட்டிவிடுவார். இவ்விருவர் காரியத்தில் நான் செய்த ஒரு பிழையை இங்கே ஒளியாமல் எழுதுகிறேன். வாசகர்களில் எவரேனும் அதே பிழையைச் செய்யாதிருக்கவே எழுதுகிறேன்.

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டபின், நமது படைகள் மேற்கு எல்லைக்கு நகர்த்தப்பட்டதை வாசகர்கள் அறிவர். 'ஆபரேஷன் பராக்ரம்' என்று அதற்குப் பெயர். போர் மூளவில்லை. ஆயினும் எல்லை நெடுகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. புதைக்கும்போதும், பின்னர் அகற்றும்போதும் நம் வீரர் பலர் உயிரையும் உறுப்பையும் இழந்தனர். மூத்தவர் காலை இழந்தது 2002-இல், இராஜஸ்தான் எல்லையில், அத்தகைய ஒரு வெடியினால்தான். 1944 முதல் புனேயில் இயங்கிவரும் செயற்கை உறுப்பு மையத்தில் அவருக்குக் கால் பொருத்தினர். மருத்துவக் குழு அவரது ஊனத்தை 60 விழுக்காடு என்று மதிப்பிட்டது. 50-க்கும் 75-க்கும் இடைப்பட்ட ஊனத்தை 75 என்றே கொள்ள வேண்டும் என்பது படையின் விதி. அவ்வாறே கணக்கிட்டுப் போர்க்காய ஓய்வூதியம் இன்றுவரை மாதம் தவறாமல் வருகிறது.

இளையவரின் கை 2021-இல் இயந்திரப் பட்டையில் சிக்கியது. அவர் மருத்துவமனையிலிருந்து வந்த மறுவாரம், கிரஷர் முதலாளி என் இல்லத்திற்கு வந்தார். ஊரில் மதிப்புள்ளவர், திருவிழாவுக்கு நன்கொடை தருபவர். "இயந்திரம் ஓடும்போது கையை விட்டது அவனுடைய கவனக்குறைவு, சாமி. ஆனாலும் இரக்கப்பட்டு ஒரு இலட்சம் தருகிறேன். இத்துடன் முடித்துக்கொள்ளலாம்" என்றார். வழக்கு, வாய்தா என்று ஏழை அலைவதைவிட இது நலம் என்று நானும் எண்ணினேன். சமாதானம் செய்துவைப்பது குருவின் கடமை அன்றோ? பத்திரம் எழுதப்பட்டது. இளையவர் இடக்கைப் பெருவிரல் ரேகையை வைத்தார். நான் சாட்சிக் கையொப்பம் இட்டேன்.

நான்கு நாள் கழித்து மூத்தவர் அப்பத்திரத்தின் நகலோடு வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுவே எனக்கு வேதனையாய் இருந்தது.

"சாமி, என் காலை எடுத்தது எதிரியின் குண்டு இல்லை. நம் படை புதைத்த வெடிதான். ஆனாலும் நீ ஏன் அங்கே கால் வைத்தாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. தம்பியிடம் மட்டும் நீ ஏன் கையை விட்டாய் என்று கேட்டிருக்கிறீர்களே?" என்றார்.

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அன்றிரவே வழக்கறிஞர் ஒருவரிடம் விசாரித்தேன். அப்போது அறிந்தவை என்னைத் தலைகுனியச் செய்தன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. கவனக்குறைவு ஒன்றையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அச்சட்டம் இடம் தரவில்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது. ஒத்துக்கொண்ட தொகையையும் ஆணையரிடம் பதிவு செய்தாக வேண்டும். ஆக, 'யார் பிழை?' என்று சட்டம் கேட்கவில்லை. கேட்டவர்கள் முதலாளியும் நானுமே.

இரண்டாண்டுக் கெடு முடியுமுன் ஆணையரிடம் மனுச் செய்தோம். அங்கே வேறொரு துன்பம் காத்திருந்தது. கிரஷரில் ஊதியப் பதிவேடு இல்லை. மாதம் 12,000 ரூபாய் ஈட்டியதாக இளையவர் சொன்னார். அதை மெய்ப்பிக்கத் துண்டுச் சீட்டும் இல்லை. முடிவில் 9,000 ரூபாயே ஏற்கப்பட்டது. சட்டத்தின் கணக்கு இது: ஊதியத்தில் 60 விழுக்காடு, அதாவது 5,400 ரூபாய், நாற்பது வயதுக்குரிய காரணி 184.17, இரண்டையும் பெருக்கினால் 9,94,518 ரூபாய். ஒரு கை இழப்புக்கு அட்டவணை தரும் மதிப்பு 60 விழுக்காடு. ஆகவே கிடைத்தது 5,96,711 ரூபாயும் வட்டியும். முன்பு தந்த ஒரு இலட்சம் அதில் கழிக்கப்பட்டது.

அண்ணனுக்கும் 60, தம்பிக்கும் 60. அண்ணனுடைய 60 எழுபத்தைந்தாக உயர்ந்தது. தம்பியுடைய 60 அறுபதாகவே நின்றது. அண்ணனுக்கு வாழ்நாள் முழுதும் மாதந்தோறும். தம்பிக்கு ஒரே முறை. அத்தொகையும் கடனடைத்து, மகளைக் கல்லூரியில் சேர்த்ததோடு தீர்ந்தது.

இதைச் சொல்வதால், படைவீரருக்கு மிகுதியாகத் தருகிறார்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. கூலி வேலை பிடிக்காவிட்டால் மறுநாள் வராமல் இருக்கலாம். கண்ணிவெடி நிலத்திற்குப் போ என்னும் கட்டளையை வீரன் மறுக்க இயலாது. மறுக்கும் உரிமையை ஒருவனிடமிருந்து எடுத்துக்கொண்ட நாடு, அவனுக்குக் கூடுதலாகக் கடமைப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தும் வீரர் எல்லாரும் எளிதில் பெற்றுவிடவில்லை. முழு ஊனத்திற்குப் போர்க்காயமெனில் கடைசி ஊதியத்தின் 100 விழுக்காடு ஊனக்கூறாகக் கிடைக்கும். போரில்லாப் பணியில் நேர்ந்ததெனில் 30 விழுக்காடே. நோயினால் வெளியேற்றப்பட்ட பலரிடம், 'இது பணியால் வந்ததன்று' என்று சொல்லிவிட்டனர். தரம்வீர் சிங் என்னும் வீரரின் வழக்கில், 2013-இல்தான் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: சேரும்போது நோய் பதிவாகவில்லையெனில் அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், மெய்ப்பிக்கும் சுமை அவர்மேல் இல்லை, ஐயத்தின் பயன் அவருக்கே. 2022-இல் தொடங்கிய அக்னிவீர் முறையிலோ ஓய்வூதியமே இல்லை. முழு ஊனத்திற்கு 44 இலட்சம், 75 விழுக்காட்டிற்கு 25 இலட்சம், 50 விழுக்காட்டிற்கு 15 இலட்சம் என ஒருமுறைத் தொகை வகுத்தனர். தம்பியை அண்ணனின் நிலைக்கு உயர்த்துவதற்கு மாறாக, வருங்கால அண்ணன்மாரைத் தம்பியின் நிலைக்கு இறக்கத் தொடங்கியுள்ளோமோ என்று அஞ்சுகிறேன்.

தொழிலாளிக்கு மாதந்தோறும் தருவது இயலாத காரியமும் அன்று. 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் நிரந்தர ஊனமுற்றவருக்கு வாழ்நாள் முழுதும் மாதத்தொகை தர வகை செய்தது. ஊதியத்தில் 90 விழுக்காட்டை ஊனத்தின் அளவுக்கேற்பக் கணக்கிடுவர். இளையவர் அதில் சேர்ந்திருந்தால் மாதம் ஏறத்தாழ 4,800 ரூபாய் பெறுவார். ஆனால் அந்த கிரஷரில் பத்துப் பேர் வேலை செய்யவில்லை. ஆகவே திட்டம் அதைத் தொடவில்லை. 1923-இன் சட்டமும் 1948-இன் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடங்கின. சட்டத்தின் பெயர் மாறலாம். சிறு பட்டறையிலும் கல்குவாரியிலும் உழைப்பவன் கணக்கில் வருகிறானா என்பதே கேள்வி. விபத்துக் காப்பீடு உழைப்பவனின் உரிமை என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலும் கூறுகிறது. உரிமை என்றால், அதை இரக்கம் என்று பெயரிட்டுக் குறைத்துத் தருவது நியாயமாகாது.

காலும் கையும் சமமா என்று தராசில் நிறுக்க நான் முற்படவில்லை. ஐயம் எழுந்தால் அது காயப்பட்டவனுக்குச் சாதகமாக வேண்டும். காயம் வாழ்நாள் முழுதும் இருக்குமெனில், உதவியும் அவ்வளவு காலம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் வீரனுக்கு நியாயம் என்றால், கூலிக்காரனுக்கும் நியாயமே.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டில் தினக்கூலிக்குச் செல்பவர் இருந்தால், பெற்ற கூலியைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விபத்து நேர்ந்தால், யார் வற்புறுத்தினாலும், பங்குச் சாமியே சொன்னாலும், ஆணையரை அணுகுமுன் எந்தத் தாளிலும் ரேகை வைக்காதீர்கள்.

நான் சாட்சிக் கையொப்பமிட்ட பத்திரத்தை இளையவர் என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். என் மேசை இழுப்பறையில் அது இருக்கிறது. சமாதானம் பேச எவரேனும் வரும்போதெல்லாம், முதலில் அதை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.