கம்பி தின்கிற கிளி

உங்கள் வீட்டில் கிளிக்கூண்டு இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் போய், கூண்டுக் கம்பியில் ஈரத்துணியை அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வாருங்கள். துணியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ மாவு மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கிறதா? இருந்தால் மிச்சத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கூண்டே இல்லாதவர்களும் படிக்கலாம். பக்கத்து ஃபிளாட்டில் ஒன்று இருக்கும்.

முதலில் ஒரு சட்ட விஷயம். நம்ம ஊர் பச்சைக்கிளி பற்றி நான் பேசவில்லை. அதை வீட்டில் வைத்திருப்பதே 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'தாத்தா காலத்துலேர்ந்து வளர்க்கிறோம்', 'அதுவா பறந்து வந்துச்சு சார்' எதுவும் செல்லாது. மீனாட்சி கையில் இருக்கலாம். ஆண்டாள் கையில் இருக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கிளியைத் தினமும் இலைகளால் புதுசாகச் செய்து வைக்கிறார்கள் என்பதால் வனத்துறைக்கு ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. நம் கையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கடைகளில் பகிரங்கமாக விற்பதெல்லாம் வெளிநாட்டுக் கிளிகள். லவ்பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கிற பட்ஜரிகார், தலையில் கொண்டையும் கன்னத்தில் குங்குமமுமாக ஒரு ஆஸ்திரேலியப் பறவை. இரண்டாவதன் பெயர் காக்கட்டீல். கடையில் 'காக்டெய்ல்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். வேறு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

எங்கள் அபார்ட்மென்ட் மூன்றாவது மாடியில் அப்படி ஒன்று இருக்கிறது. பெயர் டிங்கு. வீட்டுக்காரர் என்னைப் போலவே பி.காம்., ஆனால் படித்ததை உபயோகப்படுத்துகிறவர். ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார். பெண் எட்டாம் வகுப்பு. போன வருஷம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்.

"சாரி சார். நீங்க பிரஸ்தானே... தெரிஞ்ச பறவை டாக்டர் யாராவது இருக்காங்களா?"

பத்திரிகைக்காரனிடம் ஸ்கூல் சீட் கேட்பார்கள், கேஸ் கனெக்‌ஷன் கேட்பார்கள். பறவை டாக்டர் கேட்டது அதுதான் முதல் தடவை. மேலே போய்ப் பார்த்தேன். டிங்கு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. இறகையெல்லாம் உப்பிக்கொண்டு பஞ்சு உருண்டை மாதிரி, கண் பாதி மூடி. தெம்பாக இருக்கிற கிளி இப்படித் தரையில் உட்கார்ந்து தூங்காது. அந்தப் பெண் அழவில்லை. கூண்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கூண்டு புதுசு. மூன்று வாரம்தான் ஆகிறது. பழசு சின்னதாக இருக்கிறதே என்று 1,400 ரூபாய் கொடுத்துப் பெரிதாக வாங்கியிருக்கிறார்கள். "இடம் தாராளமா இருந்தா சந்தோஷமா இருக்கும்னு நெனச்சோம் சார்" என்றார். அடித்தட்டில் விரித்திருந்த தாளில் என் பத்தி. எழுதுகிறவனுக்குக் கடைசிப் போக்கிடம் எது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் வருத்தமில்லை. அதன் மேல் விழுந்திருந்ததுதான் கவலைக்குரியதாக இருந்தது. கடும் பச்சை நிறம், சுற்றிலும் பெரிய ஈர வட்டம்.

ஒரு வழியாக டாக்டர் நம்பர் கிடைத்தது. போனில் அவர் சொன்ன முதல் வாக்கியம்: "பறவையை மட்டும் கொண்டு வராதீங்க. கூண்டோட வாங்க. அடியில போட்ட பேப்பரையும் எடுக்காதீங்க."

ஆக, என் பத்தியும் ஆஸ்பத்திரிக்கு வந்தது.

டாக்டர் பறவையைப் பார்ப்பதற்கு முன் பேப்பரைத்தான் பார்த்தார். கிளியின் எச்சத்தில் மூன்று பாகம் உண்டாம். கெட்டியான மலம், வெள்ளையாக உப்பு, நிறமில்லாத நீர். மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதனால் கலர் விளம்பரப் பக்கத்தை விரிக்காதீர்கள், வெள்ளைத் தாளோ கறுப்பு-வெள்ளைப் பக்கமோ போடுங்கள் என்கிறார். அப்புறம் கூண்டுக்குப் போனார். கம்பியும் கம்பியும் சேருகிற இடங்களில் விரல் நகத்தால் நெருடினார். இரண்டு இடத்தில் வெள்ளிப் பொட்டு மாதிரி பெயர்ந்து வந்தது. மற்ற இடங்களில் பெயர்வதற்கு எதுவும் மிச்சமில்லை. டிங்கு முந்திக்கொண்டுவிட்டது.

"ஜி.ஐ. கம்பி" என்றார்.

ஜி.ஐ. என்பது கால்வனைஸ்டு அயர்ன். நம் மொட்டைமாடி பைப், பக்கெட் எல்லாம் அதுதான். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, சுமார் 450 டிகிரி சூட்டில் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கிறார்கள். பைப்புக்கு அது கவசம். ஆனால் கம்பி வலையில், பற்றவைத்த முட்டுகளில் துத்தநாகம் சொட்டாகவும் பொருக்காகவும் நின்றுவிடும். காற்றும் ஈரமும் பட்டால் மேலே வெள்ளைத் துரு பூக்கும். ஈரத்துணியில் வந்ததே, அது.

இதெல்லாம் நமக்கு ஒன்றும் செய்யாது. நாம் கம்பியைக் கடிப்பதில்லை. கிளிக்கு மூக்குதான் மூன்றாவது கால், அதுவேதான் கை. ஏறுவதற்குக் கடிக்கும். போரடித்தால் கடிக்கும். காட்டில் கடிப்பதற்கு மரம் இருக்கிறது, பட்டை இருக்கிறது. கூண்டுக்குள் இருப்பது கம்பி. பொருக்கு ஒன்று அசைந்தால் அதைக் கழற்றாமல் அதற்குத் தூக்கம் வராது.

கழற்றியது வயிற்றுக்குள் போனால் சிக்கல் ஆரம்பம். பறவைக்கு வயிறு இரண்டு அறை. முதல் அறை அமிலம் சுரக்கிறது. இரண்டாவது அறை அரைக்கிறது, கிரைண்டர் மாதிரி. கனமான உலோகத் துண்டு அந்த அரவை அறையில் தங்கிவிடும். அமிலத்தில் ஊறிக் கரைந்துகொண்டே நாள்கணக்கில் ரத்தத்தில் சேரும். கம்பெனி அக்கவுன்ட்டில் இயந்திரத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் என்று ஒரு தொகை கழிப்போம். எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கூண்டின் தேய்மானம் எங்கே போயிருந்தது என்பது எக்ஸ்-ரேயில் தெரிந்தது. அரவை அறையில் ரவை ரவையாக ஆறேழு வெள்ளைப் புள்ளிகள். படத்தை டாக்டர் விளக்கில் காட்ட, அந்தப் பெண் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எல்லோருக்கும் இப்படிக் காட்டிக்கொடுக்காது, தூளாகக் கரைந்துபோயிருந்தால் எக்ஸ்-ரே சுத்தமாகவே இருக்கும் என்றார் டாக்டர்.

ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் டிங்குவின் மொத்த எடை 76 கிராம். உடம்பில் ரத்தமே ஏழெட்டு மில்லிதான். அரை மில்லி எடுக்கவே யோசிக்க வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை, ரத்தம் எடுக்கிற குப்பியின் ரப்பர் மூடியிலேயே துத்தநாகம் இருக்கலாம். மூடியில் பட்டால் கணக்குத் தப்பிவிடும்.

வீட்டுக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "ஜிங்க் மாத்திரை குழந்தைங்களுக்கே குடுக்கறாங்களே டாக்டர்?"

வாஸ்தவம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். "உங்க குழந்தை பத்து கிலோ, இது நூறு கிராம்கூட இல்லை. மாத்திரைக்கு அளவு உண்டு, உள்ள கெடக்கற கம்பிக்கு அளவு கெடையாது" என்றார் டாக்டர்.

வைத்தியம் கால்சியம் ஈ.டி.டி.ஏ. என்ற ஊசி. ரத்தத்தில் இருக்கிற உலோகத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. இந்த முறைக்கு 'செலேஷன்' என்று பெயர். கிரேக்க மொழியில் நண்டுக் கொடுக்கு என்று அர்த்தம். நெஞ்சுச் சதையில் காலை ஒன்று, மாலை ஒன்று, ஐந்து நாள். கூடவே திரவம் ஏற்றினார்கள். நண்டு ரத்தத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும், வயிற்றில் கிடக்கிற ரவை தானாக இறங்கினால்தான் உண்டு.

"பொழைக்குமா டாக்டர்?" இதைக் கேட்டது பெண்.

"நாளைக்குக் காலைல கேளும்மா."

பறவைகள் வியாதியை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து நிற்கிற பறவையைத்தான் பருந்து முதலில் தூக்கும் என்பதால், முடிகிற வரை ஒன்றுமே இல்லாத மாதிரி நடிக்கும். இறகை உப்பிக்கொண்டு தரைக்கு வந்துவிட்டதென்றால் நடிப்பதற்கும் தெம்பில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் வீட்டு வைத்தியமாகக் கஷாயம், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும்.

இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்தது. அப்பாவும் பெண்ணும் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இருந்தார்கள். மறுநாள் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. நாலாம் நாள் காலை 11 மணிக்கு எனக்கு ஒரே ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது: 'தினை சாப்பிட்டது.'

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தினம் காலையில் சமையலறைத் தராசில் டிங்குவை நிறுத்து நோட்டில் எழுதினார்கள். 78, 79, 79, 82. அவர் எத்தனையோ பாலன்ஸ் ஷீட் எழுதியிருப்பார். இந்த நோட்டைத்தான் என்னிடம் காட்டினார். மூன்றாவது வாரம் 90-ஐத் தொட்டது. பரீட்சையில் அவள் வாங்கியது 61. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை என்று கேள்வி.

கூண்டு வாங்கின கடைக்கு அவரோடு நானும் போயிருந்தேன். சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "சார், இது கோழிக்கு அடிக்கிற வலை. அதைத்தான் வளைச்சுக் கூண்டு பண்றாங்க. கோழி கொத்தும், இப்படிக் கம்பியைக் கடிச்சுத் திங்காதே!" பிறகு குரலைத் தாழ்த்தி, "போன மாசம்கூட ரெண்டு பேர் வந்து பறவை திடீர்னு செத்துப்போச்சுன்னாங்க. வெயில்னு சொல்லி அனுப்பிட்டேன்" என்றார். நம் ஊரில் இப்படி 'வெயில்' என்று எழுதப்படுகிற மரணக் கணக்கில் எத்தனை இந்தக் கம்பி வகையோ!

என்ன வாங்கலாம் என்று கேட்பீர்கள். எவர்சில்வர் கூண்டுதான் உத்தமம். ஜி.ஐ.யைப் போல மூன்று நான்கு மடங்கு விலை சொல்கிறார்கள். பூச்சு உரியாதவரை பவுடர் கோட்டிங் கூண்டு பரவாயில்லை. ஜி.ஐ.தான் இருக்கிறது, இப்போதைக்கு மாற்ற முடியாது என்றால் வினிகர் விட்டு முரட்டுப் பிரஷ்ஷால் ஒவ்வொரு முட்டாகத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவையுங்கள். பொருக்கும் வெள்ளைத் துருவும் குறையும். முழுக்கப் போகாது.

காரீயம் இதைவிட மோசம். பழைய கிரில் பெயின்ட், சால்டர் வைத்த முட்டு, விளையாட்டு மணியின் நாக்கு, மீன் தூண்டில் குண்டு இதிலெல்லாம் இருக்கும். வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்துக்குக் கடுமையான வரம்பு 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஜன்னலில் கிளியை உட்காரவைத்து அழகு பார்க்காதீர்கள். பாட்டி வீட்டு ஈயச் சொம்பு ரசத்துக்காக யாரும் பதற வேண்டாம், அது வெள்ளீயம், வேறு உலோகம். கூண்டுக்குள் கட்டுகிற பஞ்சுக் கயிறும் சாது இல்லை. நார் நாராகப் பிய்த்து விழுங்கினால் தொண்டைப் பையில் பந்தாகச் சேர்ந்துவிடும்.

செலவே இல்லாத ஒன்று, மருந்தடிக்காத கொய்யாக் கிளை. பட்டையோடு கட்டி விடுங்கள். டிங்கு வாரத்துக்கு ஒன்று காலி பண்ணுகிறது.

பழைய கூண்டு ஒரு மாதம் அவர்கள் வீட்டு பால்கனியில் கிடந்தது. தெருவில் பழைய இரும்புக்காரர் வந்தபோது அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கூண்டு நல்லாதானே இருக்கு. எடைக்கு வேணாம், எரநூறு தர்றேன், முழுசாவே குடுத்துருங்க" என்றார். அப்பா தலையாட்டப் போனார். பெண் உள்ளே போய் வாட்ச்மேனிடம் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த கட்டிங் பிளேயரோடு வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாக வெட்ட ஆரம்பித்தாள். இரும்புக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார். எடைக்கு 46 ரூபாய் வந்தது.