கடற்பசுவும் கடற்கழுகும்

எங்கள் மன்னார்க் கடலில் வாழும் இரண்டு தாய்மாரைப் பற்றி எழுதுகிறேன்.

கழுகு என்றாலே வீரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கடற்பசுவை எங்கள் கரையில் 'கடற்பன்றி' என்பார்கள். அதன் இறைச்சி ருசி என்பார்கள். அதற்கு மேல் ஒரு கதையும் இல்லை.

வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு உயர்ந்த மரத்தில் சுள்ளிகளால் கூடு கட்டும். வருடாவருடம் அதையே திருத்திக்கொள்ளும். வழக்கமாக இரண்டு முட்டை, ஏறக்குறைய ஆறு கிழமை அடை. சோடியில் பெண்தான் பெரியவள். (சிலர் சிரிப்பீர்கள், தெரியும்.) ஆணும் அடைகாக்கும், இரையும் கொண்டுவரும். சில மாதங்களில் குஞ்சுகள் பறந்துவிடும்.

கடற்பசு 13 முதல் 15 மாதம் வரை சுமக்கிறாள். கன்று ஒன்றுதான். தகப்பன் பக்கத்தில் இல்லை. கன்றுக்கு ஒன்றரை வருடம் வரை பால் கொடுக்கிறாள். கடற்புல் மேயும் இடங்களைத் தாயோடு திரிந்துதான் கன்று பழகும். அவளது முதுகோடு ஒட்டியே நீந்தும். இரண்டும் கீச்சுக்குரலில் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 வருடம் செல்லும். கழுகைப் போல் பாய்ந்து கிழிக்க அவளுக்கு நகமில்லை, பறந்து தப்பச் சிறகில்லை. ஆனாலும் எழுபது வருடம் வரை வாழக்கூடியவள்.

போர் என் கணவரை எடுத்த பிறகு இரண்டு பிள்ளைகளோடு 2010இல் ஊர் திரும்பினேன். 'ஆம்பிளை இல்லாத வீடு' என்று என் காதுபடவே சொன்னார்கள். கழுகின் கூட்டை மட்டுமே குடும்பம் என்று எண்ணுபவர்களின் பேச்சு அது. எனக்குக் கடற்பசுவைத்தான் பிடிக்கும்.

அவளுக்குப் பெரிய ஆபத்து வலை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்செடுக்க வேண்டும். வலை மறித்தால் மூச்சடைத்துச் சாவாள். பால்குடிக் கன்றும் தப்பாது. இலங்கையில் 1970 முதல் கடற்பசுவைச் சட்டம் பாதுகாக்கிறது. அக்கரையில், தமிழ்நாட்டுப் பக்கம் பாக்கு விரிகுடாவில், 2022இல் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுவுக்கென்றே ஒதுக்கினார்கள். ஆனால் நடுக்கடலில் வலைக்குப் பக்கத்தில் நிற்பது சட்டம் அல்ல, எங்கள் பிள்ளைகள்.

இப்போது என் மகன் கடலுக்குப் போகிறான். "உயிரோடு சிக்கினால் வலையை வெட்டி விடு" என்றேன். "வெட்டினால் அடுத்த வலைக்குக் காசு யார் தருவது அம்மா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இந்த வலையின் கடனே இன்னும் முடியவில்லை.

"நீ வெட்டு. கடனை நான் பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன்.