பொழுதுபோக்குக் கதைகள்

"வெறும் பொழுதுபோக்கு" என்று ஒரு நூலை ஒதுக்கிவிடுவது முற்போக்கு வட்டாரங்களில் நெடுநாளைய வழக்கம். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய இயக்கம் ஓய்வையும் உரிமையாகவே கேட்டது. அந்த ஓய்வில் தொழிலாளி ஒரு துப்பறியும் கதையைக் கையில் எடுத்தால் மட்டும் நம்மவர் முகம் சுளிப்பானேன்?

இவ்வெறுப்புக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. 1950களிலும் 60களிலும் தமிழ்நாட்டு வாரப் பத்திரிகைகள் யாழ்ப்பாணக் கடைகளில் குவிந்து கிடந்தன. ஈழத்து எழுத்தாளனுக்குக் களமில்லை. இறக்குமதியைக் கட்டுப்படுத்துக என முற்போக்கு எழுத்தாளர் குரலெழுப்பினர். 1970இல் பதவியேற்ற அரசின் காலத்தில் கட்டுப்பாடும் வந்தது. பயன் கண்கூடு: பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் 1973இல் வீரகேசரி வெளியீடுகளாக மக்கள் கைக்குக் கிட்டின. அக்கோரிக்கையின் பொருளாதார நியாயத்தை நாம் இன்றும் ஏற்கிறோம். ஆயின் அதனோடு இன்னொரு வாதமும் ஒட்டிக்கொண்டு வந்தது: இன்பத்துக்காக வாசிப்பவன் ஏமாளி என்பது. அதை ஏற்பதற்கில்லை.

அதே செங்கை ஆழியான் 1969இல் 'ஆச்சி பயணம் போகிறாள்' என்ற நகைச்சுவை நாவலைத் தந்தார். யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருத்தி கதிர்காமத்துக்குப் புறப்படுகிறாள், அவ்வளவுதான் கதை. அதை விறாந்தையில் உரக்க வாசித்துச் சிரித்த வீடுகளை நாம் அறிவோம். அரிச்சுவடிக்கு மேல் படியாத பெண்களும் அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருந்தார்கள். எந்தப் பிரசார நூலுக்கு அவர்கள் அவ்வாறு காத்திருந்தார்கள்?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஏட்டுச்சுவடிகளுக்காகவும் அரிய நூல்களுக்காகவும் உலகமே அழுதது, அழவேண்டியதுதான். பல கைபட்டுக் கறைபடிந்த கதைப் புத்தகங்களுக்காக அழுதவர் எத்தனை பேர்? அவையல்லவோ பலருக்கு அந்நூலகத்தின் வாயில்!

1990இல் பொருளாதாரத் தடை இறுகியது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விலை எட்டாத உயரம். கடதாசித் தட்டுப்பாட்டால் நாளிதழ்கூடக் கோடிட்ட பயிற்சித்தாளில் அச்சாயிற்று. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியுமாக எரிந்த வெளிச்சத்தில் முதலில் பிள்ளைகளின் பாடம்; எண்ணெய் மிஞ்சினால் கதை. பழைய வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து வீட்டிலேயே தைத்துக் கட்டிய தொடர்கதைகள் வீடு வீடாக நடந்தன. ஒருவர் வாசிக்க நாம் பத்துப் பேர் கேட்டோம். அக்கதைகளில் போரில்லை, எம் வாழ்வின் சாயலுமில்லை, அரசகுமாரர்களும் மாறுவேடங்களுமே. அதனாலேயே கேட்டோம். இதைத் தப்பியோடுதல் என்பார் உளர். பதுங்குகுழிக்கு அப்பால் எங்கே ஓடுவது? ஷெல் சத்தம் நெருங்கினால் விளக்கை ஊதிவிட்டுக் குழிக்குள் இறங்குவோம், இருளில் குழந்தைகள் கேட்பது, "பிறகு அந்த இளவரசிக்கு என்ன நடந்தது?" என்பதே.

அப்படிச் சுற்றிவந்த கட்டொன்றில் கடைசி அத்தியாயத்தைக் காணோம். எங்கே உதிர்ந்ததோ! எமது ஒழுங்கையில் ஒருவர் இளவரசியை மணமுடித்து வைத்தார். மற்றவர் துறவுக்கு அனுப்பினார். சுருட்டுச் சுற்றும் தொழிலாளி ஒருவர் மாத்திரம் இரண்டையும் மறுத்து, அவளைக் கப்பலேற்றி அனுப்பினார். அந்த முடிவையே சிறுவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவரும் ஒவ்வொரு மாலையும் கப்பலை ஒரு புதுத் துறைமுகத்துக்குச் செலுத்தினார்.